இரண்டு முறை ஏற்றிய ஜல்லி

அறுபதுகளின் தொடக்கம் அது. கீரமங்கலத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த என்னை, நார்த்தாமலைப் பக்கம் ஒரு கல் குவாரி ஊரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். கணவர் குவாரி லாரி டிரைவர். மண்ணை நம்பி வளர்ந்தவளுக்குக் கல்லை நம்பி வாழ்கிற ஊர் ஒரே வேடிக்கைதான்.

ரயில் பாதைக்கும் ரோட்டுக்கும் ஜல்லி கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மாட்டுவண்டி போய் லாரி வந்தது. பின்னாலேயே டீக்கடை, சைக்கிள் கடை, ரேடியோ எல்லாம் வந்தன. சனிக்கிழமை கூலி வாங்கிய கையோடு, பவுடர் டப்பா முதல் எவர்சில்வர் தம்ளர் வரை சந்தையிலிருந்து அள்ளி வருவார்கள். ஆஸ்பத்திரி மட்டும் வரவில்லை. அதற்குப் புதுக்கோட்டைக்குத்தான் போக வேண்டும்.

தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குக் கிளம்ப இருந்தேன். அதற்குள் வலி முந்திக்கொண்டது. மத்தியானமாகியும் குழந்தை பிறக்கவில்லை. மருத்துவச்சி கைவிரித்துவிட்டாள்.

"புள்ள குறுக்க கெடக்கு. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. இல்லாட்டி ரெண்டு உசுரும் தங்காது."

பஸ் சாயங்காலம்தான். இருந்தது என் கணவர் ஓட்டும் லாரி ஒன்றுதான். அதுவும் ஜல்லி நிரம்பி, ரயிலடிக்குக் கிளம்பத் தயாராக நின்றது. அந்தப் பாரத்தோடு அது ஊர்ந்துதான் போகும். படுக்க இடமும் கிடையாது. என்னைக் கட்டிலோடு தூக்கிவந்து பக்கத்தில் வைத்தார்கள். லோடு போய்ச் சேர்ந்தால்தான் எல்லோருக்கும் கூலி. முதலாளியைக் கேட்காமல் எப்படி இறக்குவது என்று மேஸ்திரி கையைப் பிசைந்தார்.

குவாரியில் கூடை சுமக்கும் பெண்களில் ஒருத்தி, அதுவரை என்னோடு ஒரு வார்த்தைகூடப் பேசியிராதவள், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு லாரிமேல் ஏறினாள்.

"நாங்க ஏத்துன கல்லு, நாங்களே எறக்குறோம். மொதலாளி கேட்டா எங்களக் கையக் காட்டுங்க மேஸ்திரி!"

அவ்வளவுதான், மற்ற பெண்களும் ஏறிவிட்டார்கள். மண்வெட்டியாலும் வெறும் கையாலும் தள்ளினார்கள். காலையிலிருந்து தலையில் சுமந்து ஏற்றிய கல் ரோட்டோரம் சரசரவென்று கொட்டியது. புழுதியில் முகமே தெரியவில்லை. வலியில் துடித்த நான்கூட அலறலை மறந்து வாய்பிளந்து பார்த்தேன். மனுஷ வேகமா அது!

குலுங்கினால் ஆபத்தென்று நாலைந்து பேர் காலியான லாரியில் உட்கார்ந்து என்னை மடியில் ஏந்திக்கொண்டார்கள். ஒவ்வொரு பள்ளத்தின் அடியையும் அவர்கள் இடுப்புதான் வாங்கியது.

"பல்லக் கடிச்சுக்க ஆத்தா, இந்தா வந்துருச்சு" என்று ஒருத்தி வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஆபரேஷன் செய்து பெண் குழந்தையை எடுத்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இருவருமே இல்லை என்றார் டாக்டரம்மா.

மறுநாளே அந்த ஜல்லியைத் திரும்பவும் கூடை கூடையாகச் சுமந்து ஏற்றியிருக்கிறார்கள். அதற்குத் தனிக் கூலி கிடையாது. என் கணவர் சொல்லித்தான் தெரியும். அவர்கள் மூச்சு விடவில்லை.

ஊர் திரும்பியதும், முதலில் லாரியில் ஏறியவளிடம் குழந்தையை நீட்டினேன். சட்டென்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வேணாம் ஆத்தா. எங்கையி ஒரே சொரசொரப்பு. பச்சப்புள்ளயக் கீறிரும்."

நான் விடவில்லை. அந்தக் கைகளைப் பிடித்து விரித்து மகளை வைத்தேன். அது சுகமாகத் தூங்கியது.

இன்றைக்கும் அந்தப் பக்கம் ரயிலில் போகும்போது, தண்டவாளத்துக்குக் கீழே கிடக்கிற இந்தக் கல்லில் ஒரு லோடு என் மகளுக்காக இரண்டு முறை சுமக்கப்பட்டது என்று நினைத்தால் உடம்பு சிலிர்த்துப்போகிறது.