ஆறு வோல்ட்டிலிருந்து பன்னிரண்டுக்கு

காயில் கட்டுகிற கடைக்கு வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் வருவார்கள். கருகிய மோட்டாரின் நாற்றம் அப்படி. முதலிபாளையத்தில் பனியன் தைக்கும் பவர் டேபிள் மோட்டார்களுக்குக் கம்பி சுற்றிப் பிழைத்துக்கொண்டிருந்த என்னிடம் ஒருநாள் புல்லட் ஒன்றும் வந்து சேர்ந்தது. பாதியில் எண்ணிக்கை தப்பி, அத்தனையும் பிரித்து, அழாத குறையாக மறுபடி சுற்றியிருக்கும் சகோதர சகோதரிகளே, என் பாடு உங்களுக்குத்தான் புரியும்.

தீக்குச்சி

கதிர்வேல் பனியன் துணி பின்னும் ஒரு நிட்டிங் கம்பெனியில் ஃபிட்டர். அவிநாசிபாளையத்திலிருந்து தினமும் தன் பழைய புல்லட்டில் வேலைக்கு வருவார். 2005 வாக்கில் ஆர்.சி.யைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. ஆபீஸில் வண்டியைக் காட்டப் போனபோது ஹாரன் முனகியது, ஹெட்லைட் மினுக்கியது. பிரேக் இன்ஸ்பெக்டர் திருப்பி அனுப்பிவிட்டார். பதினைந்து நாளில் மறுபடி காட்ட வேண்டும். அதிலும் தேறாவிட்டால் வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவது என்று வீட்டில் முடிவாகிவிட்டதாம்.

அந்தக் காலத்து வண்டி, ஆறு வோல்ட். எஞ்சின் ஓரத்தில் கரண்ட் உண்டாக்கும் காயிலை மெல்லிய கம்பியில் அதிகச் சுற்றாகக் கட்டி, பேட்டரி, பல்பு, ஹாரன் எல்லாவற்றையும் மாற்றினால் பன்னிரண்டு வோல்ட் ஆகிவிடும். வண்டிக் காயிலை நான் அதுவரை தொட்டதே இல்லை. சுற்றுவது சுற்றுவதுதானே என்று துணிந்து ஒப்புக்கொண்டேன். லைட் அவ்வளவு மங்கலா என்று கேட்டேன்.

"எரியுதா இல்லையான்னு தீக்குச்சி கிழிச்சுத்தான் பாக்கோணுமுங்க்கா."

ஆறு காயில், ஒரே திசை

ஆறு காயில்களையும் சுற்றி வார்னிஷ் போட்டுக் காயவைத்தேன். நடுவில் டீ வந்து ஒரு தடவை எண்ணிக்கை போனது. அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். எதிரே டூவீலர் பட்டறை வைத்திருந்த செல்வராசு மாட்டிக் கொடுத்தார். ஸ்டார்ட் செய்து மீட்டரை வைத்தால் முள் அசையவில்லை. பட்டறையில் இருந்த அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள்.

ஒன்று விட்டு ஒன்றாகத் திசை மாற்றி இணைத்திருக்க வேண்டும். நான் எல்லாவற்றையும் ஒரே திசையில் இணைத்திருந்தேன். ஒன்று கொடுத்த கரண்டை அடுத்தது காலி செய்துவிட்டது. வெட்கமாகத்தான் இருந்தது. பிரித்து மறுபடி இணைத்தேன், முள் ஏறியது. அதற்குள் ஆறு நாள் போயிருந்தது. செல்வராசு சிரிக்காமல் சொன்னார்.

"மோட்டாரு கரண்ட்டத் திங்கும், வண்டிக் காயிலு கரண்ட்டக் குடுக்கோணும். அக்கா பழக்கதோசத்துல இதையும் திங்க வெச்சுட்டாங்க."

பனியன் போட்ட பெட்டி

நாலே நாளில் கதிர்வேல் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். பேட்டரி செத்துவிட்டது. என் காயில்தான் போயிற்று என்று கழற்றிப் பார்த்தேன். புதுசாக மினுங்கியது. அப்புறம்தான் சீட்டுக்கு அடியில் கை விட்டேன். பேட்டரிக்குப் போகும் கரண்டை அளந்து விடுகிற ரெகுலேட்டர் அங்கே இருக்க வேண்டும். கையில் துணி தட்டுப்பட்டது.

ரெகுலேட்டருக்கு இரண்டு மடிப்புப் பனியன் துணியில் உறை. ஓரமெல்லாம் ஓவர்லாக் தையல். சூட்டை வெளியே விட வேண்டிய பெட்டி உள்ளுக்குள்ளேயே வெந்து போயிருந்தது. நிட்டிங் கம்பெனியில் எங்கும் பஞ்சு பறக்கும். எதையும் மூடிவைத்தே பழகிய கை அவருடையது. வந்த கோபத்துக்குக் கையிலிருந்த குறடை மேஜையில் ஓங்கி வைத்தேன். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றி, வேறு ரெகுலேட்டர் வாங்கி, காற்றுப் படும்படி முன்பக்கம் திறந்தவெளியில் மாட்டினேன். இதன்மேல் கர்ச்சீப் கூடப் போடக் கூடாது என்று சத்தியம் வாங்கினேன்.

"பஞ்சு பூந்துருமுன்னு ஒரு பனியன் தெச்சுப் போட்டனுங்க்கா. அளவெல்லாம் கரெக்டாத்தானுங்க இருந்துச்சு."

கையை எடுங்க

பதினைந்தாம் நாள் கடையைப் பூட்டிவிட்டு நானும் பஸ் ஏறி ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போனேன். தேறாவிட்டால் வண்டி இரும்புக் கடைக்கு, என் கதை செல்வராசு பட்டறையில் சிரிப்புக்கு. கதிர்வேல் உதைத்த முதல் இரண்டு உதைக்கும் வண்டி அசையவில்லை, மூன்றாவதில் பிடித்தது. உச்சி வெயிலில் இன்ஸ்பெக்டர் ஹெட்லைட்டுக்கு முன்னால் உள்ளங்கையை நீட்டிப் பார்த்தார். கை மஞ்சளாகத் தெரிந்தது. ஹாரன் அடிக்கச் சொன்னார். கதிர்வேல் பட்டனுக்குப் பதிலாக எதையோ தடவிக்கொண்டிருந்தார்.

நான் போய் அழுத்தினேன். பக்கத்து வரிசை ஆட்டோக்காரர்கள் திரும்பினார்கள். விட்டால் சத்தம் நின்றுவிடுமோ என்ற பயத்தில் அழுத்திக்கொண்டே இருந்தேன். இன்ஸ்பெக்டர் பேப்பரில் கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"வண்டி பாஸும்மா. கையை எடுங்க."

அதன்பிறகு கதிர்வேல் தினமும் என் கடை வழியாகத்தான் போனார், ஒருநாளும் நிற்கவில்லை. காயில் கட்டுகிறவளுக்கு நல்ல சேதி வருகிற விதம் அதுதான்.