நாலு விரதம், ஒரு நாடகம், ஒரு டெஸ்ட்

பி.யூ.சி. வரைக்கும்தான் நான் படித்தேன். அதற்கப்புறம் கல்யாணம், வீடு, பிள்ளைகள் என்று ஆகிவிட்டது. ஆனால் போர்ட் பிளேயரில் காலேஜ் வந்த புதிதில் அங்கே படித்த அந்த ஒரு வருஷத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்புதான் வருகிறது. அத்தனை சந்தோஷம். அத்தனை தூக்கம்.

எங்கள் வீடு பாம்பூஃப்ளாட்டில். அப்பாவுக்கு அக்கரையில் மர ஆலையில் வேலை. எங்கள் தெருவிலிருந்து காலேஜுக்குப் போன முதல் பெண் நான். காலையில் போட் ஏறி சாத்தாமில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்து, ஒரு மேடு ஏறினால் காலேஜ். மேட்டில் நின்றால் மூன்று பக்கமும் கடல் தெரியும். பாடம் புரியாத நாட்களில் கடலையாவது பார்த்துக்கொண்டிருக்கலாம்.

விரதக் கதையைச் சொல்லிவிடுகிறேன். காலேஜில் இடம் கிடைத்தால் சிவனுக்குத் திங்கட்கிழமை விரதம் இருப்பதாக வேண்டிக்கொண்டிருந்தேன். கிடைத்தது, இருந்தேன். போய் உட்கார்ந்தால் இங்கிலீஷ் பாடம் ஒரு வரி புரியவில்லை. முருகனைப் பிடித்துக்கொண்டேன், செவ்வாய்க்கிழமை. பிறகு தமிழ் மன்றத்து நாடகத்தில் என்னை மாமியார் வேஷத்துக்குப் போட்டார்கள். பதினேழு வயதில் மாமியார். மேடையில் வசனம் மறந்து மானம் போகக்கூடாதே என்று அம்மனுக்கு வெள்ளிக்கிழமை. இதைக் கேட்ட அம்மா, "மூணு பேருக்கு இருந்துட்டு பெருமாள விட்டா நல்லாவா இருக்கும்?" என்றாள். சனிக்கிழமையும் சேர்ந்துவிட்டது.

பகல் முழுக்கத் தண்ணீரும் இளநீரும். ராத்திரி பாலும் பழமும். இதுதான் என் விரதம். வாரத்தில் மூன்று நாள்தான் சோறு. இங்கே நாலே முக்காலுக்கே வெளுத்துவிடும், நானும் எழுந்துவிடுவேன். குளித்து, விளக்கேற்றி, படித்து, போட்டுக்கு ஓடுவேன். வகுப்பு முடிந்ததும் நாடக ஒத்திகை. ஐந்து மணி போட்டில் திரும்பி வீடு சேர்வதற்குள் இருட்டிப்போகும். அதற்குமேல் புத்தகத்தைத் திறந்தால் எழுத்தெல்லாம் எறும்பாக ஊரும்.

என் சிநேகிதி ஒருத்தி இருந்தாள். அபர்டீன் பஜாரில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பத்துப் பெண். திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. நாடகத்தில் நான் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து மருமகளை ஏச வேண்டும். ஒருநாள் ஒத்திகையில் உட்கார்ந்தவள் ஏசவேயில்லை. சிநேகிதி உள்ளேயிருந்து வசனத்தை ஒரு தடவை சொன்னாள், இரண்டு தடவை சொன்னாள். பிறகு வெளியே வந்து பார்த்துவிட்டு எல்லாரிடமும், "சத்தம் போடாதீங்க, மாமி தூங்குறாங்க" என்றாளாம்.

எழுப்பி உட்கார வைத்துக் கேட்டாள்: "ஏம் புள்ள, வாரத்துக்கு நாலு நாளு பட்டினியா? எங்களுக்கு வருசத்துல ஒரே மாசம். அதுவும் பொழுது சாஞ்சு மக்ரிப் ஆனா கஞ்சி இருக்கு, வடை இருக்கு. உனக்கு என்ன இருக்கு?"

"பழம்" என்றேன்.

"நல்லா இரு" என்றாள்.

இதெல்லாம் விளையாட்டாகத்தான் போய்க்கொண்டிருந்தது, இங்கிலீஷ் டெஸ்ட் வரும்வரை. அது ஒரு செவ்வாய்க்கிழமை. போட்டில் மூலையோரம், காய்கறி மூட்டைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தேன். அவ்வளவுதான் நினைவிருக்கிறது. "பேட்டி, உட்டோ" என்று போட்டுக்காரர் ஒருவர் இந்தியில் எழுப்பினார். பதறி எழுந்து, புடவையைச் சரிசெய்து, படகுத்துறையில் இறங்கி வேகமாக பஸ்ஸைத் தேடி நடந்தேன். பஸ்ஸைக் காணோம். எதிரில் என் அம்மா மீன் கூடைக்காரியிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

"என்னத்தா, அதுக்குள்ள காலேசு விட்டாச்சா?"

போட் சாத்தாமுக்குப் போய், ஆளை இறக்கி, ஆளை ஏற்றி, என்னையும் சேர்த்துத் திரும்ப பாம்பூஃப்ளாட்டுக்கே கொண்டுவந்து விட்டிருந்தது. அடுத்த போட் பிடித்துக் காலேஜ் போய்ச் சேர்ந்தபோது சார் விடைத்தாள்களைக் கட்டிக்கொண்டிருந்தார்.

அவர் மலையாளி. கோபப்படவில்லை. "ரெண்டு டெஸ்டில் ஒண்ணாவது எழுதியவங்க பேரைத்தான் யூனிவர்சிட்டி பரீட்சைக்கு அனுப்புவேன். அடுத்ததும் போச்சென்றால் இந்த வருஷம் இல்லை" என்றார்.

இந்த வருஷம் இல்லையென்றால் எந்த வருஷமும் இல்லை. அது எனக்குத் தெரியும். ஒரு பெண்பிள்ளையை ஒரு வருஷம் படிக்க வைக்கவே அப்பா நாலு பேருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த டெஸ்ட் ஒரு வெள்ளிக்கிழமை என்று போட்டார்கள். அதற்கு முந்தின நாள், வியாழன் மத்தியானம், நாடகம். ஏதாவது ஒன்றை விட்டால்தான் கரை சேர்வேன் என்று எனக்கே பட்டது. நாடகத்தை விட்டால் மன்றத்துப் பிள்ளைகள் பாடுபட்டதெல்லாம் வீண். விரதத்தை விட்டால் சாமி குற்றம். யாரைக் கேட்பது? சாமியையே கேட்டுவிடலாம் என்று அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் பூக்கட்டிப் பார்க்க உட்கார்ந்தேன். ஒரு பொட்டலத்தில் சிவப்பு அரளி, ஒன்றில் வெள்ளை நந்தியாவட்டை. சிவப்பு வந்தால் செவ்வாய் மட்டும் வைத்துக்கொண்டு மற்ற விரதத்தை விட்டுவிடுவது. வெள்ளை வந்தால் நாடகத்தை விட்டுவிடுவது. அம்மாவிடம் சொன்னபோது அவள் முகம் சுண்டிப்போனது. விரதத்தை விடுவது என்ற பேச்சே அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

அன்றும் பகலெல்லாம் ஒன்றும் சாப்பிடவில்லை. விளக்கு வெளிச்சத்தில் பூவை வைத்துக் காகிதத்தை மடித்தேன். இரண்டு பொட்டலத்தையும் சாமி படத்துக்கு முன்னால் போட்டு, கண்ணை மூடி, முருகா என்று ஒன்றை எடுத்துப் பிரித்தேன். சிவப்பு.

ஒரு பாரம் இறங்கினாற்போல் இருந்தது. கும்பிட்டேன். அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. இன்னொரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள்.

அதிலும் சிவப்பு.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அம்மா கையை நீட்டி என் மடியிலிருந்து எதையோ எடுத்தாள். நந்தியாவட்டை. முதல் பொட்டலத்தைக் கட்டி முடித்துத் தூங்கி விழுந்து, விழித்து, திரும்பவும் அரளியையே எடுத்து மடித்திருக்கிறேன்.

"ரெண்டுலயும் செவப்ப வச்சிட்டுக் கேட்டா, அவரு வேற என்னத்தா சொல்லுவாரு?" என்றாள் அம்மா.

"திரும்பக் கட்டட்டுமா?"

"கட்டுவ. அதுக்குள்ளயும் தூங்குவ." சொல்லிக்கொண்டே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்து அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. சாமி முன்னால் இப்படிச் சிரிக்கிறோமே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, அப்புறமும் சிரித்தாள். நானும் சிரித்தேன். எழுந்து போனவள் தட்டில் சோறும் ரசமும் அப்பளமும் கொண்டுவந்து வைத்தாள். திங்கட்கிழமை. நான் தயங்கினேன்.

"ஒரு தடவதான் கேக்கணும். கேட்டாச்சு. தின்னு" என்றாள்.

அது என் கைப்பிசகா, முருகன் செயலா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். என் கையும் அவன் கொடுத்ததுதானே, அதற்குமேல் எனக்கு யோசிக்கத் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை விரதத்தை மட்டும் இன்றுவரை விட்டதில்லை.

அன்று ஏழு மணிக்குப் படுத்து விடிந்துதான் எழுந்தேன். புதன்கிழமை ஒத்திகையில் நான் ஏசின ஏச்சில் மருமகளாக நடித்த பெண் நிஜமாகவே கண்கலங்கிவிட்டாள். வியாழக்கிழமை நாடகத்தில் ஒரு வசனமும் மறக்கவில்லை. நாற்காலியில் சாய்ந்த இடத்தில் மட்டும் திரைக்குப் பின்னாலிருந்து, "முழிச்சிக்க மாமி" என்று ஒரு குரல் வந்தது. முதல் வரிசைக்கும் கேட்டுவிட்டது. கொல்லென்று சிரிப்பு. எங்கள் நாடகத்தில் அதிகம் சிரித்தது அந்த இடத்துக்குத்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் சாமி படம் இருந்த பக்கம் திரும்பாமல் இட்லியைப் பிட்டேன். அம்மா மூன்றாவது இட்லியையும் வைத்தாள். போட்டில் உட்காரவேயில்லை. கம்பியைப் பிடித்து நின்றபடியே சாத்தாம் வரைக்கும் கட்டுரையை வாய்க்குள் சொல்லிக்கொண்டு போனேன்.

டெஸ்டில் பிரமாதமாக எழுதினேன் என்று சொன்னால் பொய். கடைசிக் கேள்வியில் பாதி விட்டுவிட்டேன். ஆனால் முதல் கேள்வியிலிருந்து மணி அடிக்கும்வரை விழித்திருந்தேன். சார் தாளை வாங்கிக்கொண்டு, "இன்னிக்கு போட் நேரா வந்துதோ?" என்று மட்டும் கேட்டார்.

பரீட்சைக்கு அனுப்பும் பேர்ப்பட்டியல் அடுத்த வாரம் கப்பலில் மெயின்லேண்டுக்குப் போக வேண்டும். அதற்கு முன்னால் ஒரு பிரதியைப் பலகையில் ஒட்டினார்கள். சிநேகிதிதான் கூட்டத்துக்குள் புகுந்து பார்த்தாள். "இருக்கு" என்றாள். நானும் போய்ப் பார்த்தேன். இருந்தது. வெளியே வந்து, திரும்பவும் உள்ளே போய்ப் பார்த்தேன்.

"பேரு ஓடியா போயிரும்? வா, அடுத்த வகுப்பு கெடையாது" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

மேட்டில் ஒரு பெரிய மரத்து நிழல் உண்டு. அதுவரை அங்கே நான் சும்மா உட்கார்ந்ததேயில்லை. அன்றைக்குப் புத்தகங்களைத் தலைக்கு வைத்து நீட்டிப் படுத்தேன். கடல் காற்று அடித்தது. "மணி அடிச்சா எழுப்புவியா?" என்றேன்.

"எழுப்புவேன் எழுப்புவேன். நீ தூங்கு" என்றாள்.