அண்ணன் மன்னிப்புக் கேட்ட நாடகம்

இந்த ஊர்ப் பேருந்தில் ஒருவர் காலை நான் மிதித்துவிட்டால், அவர்தான் என்னிடம் ‘சாரி’ என்கிறார். பர்மிங்காமுக்கு வந்து இது மூன்றாவது குளிர்காலம். இன்னும் எனக்கு அது பழகவில்லை. மிதித்தவனும் மிதிபட்டவரும் மாறி மாறிச் சொல்லிவிட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போய்விடுகிறோம். எங்கள் அரூர்ப் பக்கம் அப்படியொரு சொல்லை யாரும் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. வருத்தம் இல்லாமலா இருக்கும்? இருக்கும். வாய்க்கு வராது.

பகலில் எனக்குத் தொழிற்சாலைக் கிடங்கில் வேலை. மாலையில் ஒரு தொண்டு நிறுவனத்துக்காக வானொலி நாடகம் எழுதுகிறேன். ஊர்ச்சண்டை வெட்டுக்குத்தாக முற்றுவதற்குள் தணிக்க வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். வாரம் ஒரு நாடகம், நம்மூரில் விளக்கு வைக்கிற நேரத்தில், சிற்றலையில் வரும். இங்கே தமிழ் பேசி நடிக்க ஆள் பஞ்சம் என்பதால் தம்பி வேடமெல்லாம் என் தலையில்தான் விழும். கிணற்றுத் தகராறு பற்றி எழுதச் சொன்னபோது நான் எங்கும் போய்த் தேட வேண்டியிருக்கவில்லை.

அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஒரே கிணறு. மாடு பூட்டிக் கவலை இறைத்த காலத்தில் முறை வைத்துப் பாய்ச்சினார்கள். சித்தப்பா கரண்டு மோட்டார் வைத்தார். அவர் முறை முடிந்து அப்பா மாட்டை ஓட்டிப்போனால் கிணற்றில் சேறுதான் மிச்சம். ஒருநாள் அப்பா மோட்டார் வயரை அறுத்துப் போட்டார். சித்தப்பா மண்வெட்டியை ஓங்கினார். பெண்கள் நடுவில் விழுந்ததால் உயிர் தப்பியது. அன்றோடு பேச்சு நின்றது. எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். படித்தவன் பேசித் தீர்ப்பான் என்று அம்மா நம்பினாள். போனேன். “நீயா வந்திருந்தா மோர் குடிச்சிட்டுப் போ. உங்கப்பாரு அனுப்பியிருந்தா அவரையே வரச்சொல்லு” என்றார் சித்தப்பா. மோரைக் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

இப்போது தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பந்தக்கால் நடப் பங்காளி கை வேண்டும். எங்களுக்கு இருக்கிற பங்காளி சித்தப்பா ஒருவர்தான். அவர் வராவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் முகத்தில் எப்படி விழிப்பது? நாடகத்தை எழுதும்போதெல்லாம் என் கண்முன்னால் ஆளில்லாத அந்தப் பந்தல்தான் நின்றது.

நான் எழுதிய முடிவில் அண்ணன் விடியற்காலையில் போய், தம்பி வயலுக்கு மடை திருப்பிவிடுவான். தண்ணீர் ஓடும் ஓசையோடு நாடகம் முடியும். தயாரிப்பாளர் மார்கரெட் அம்மையார் இருமுறை கேட்டார். “சத்தம் நன்றாக இருக்கிறது. ஆனால் யார் மன்னிப்புக் கேட்டார்கள்?” “அதுதான், தண்ணீர் பாய்கிறதே” என்றேன். “தண்ணீர் பேசுமா என்ன!” என்று அவர் சிரித்தார். நான் வேடிக்கை பேசுவதாக நினைத்துக்கொண்டார். தப்பு செய்தவன் அண்ணன்; அவன் தம்பி வாசலுக்குப் போய்க் கைகூப்பி மன்னிப்புக் கேட்கட்டும் என்று முடிவானது. அப்படியே எழுதிக் கொடுத்தேன். அன்றிரவு தூக்கம் பிடிக்கவில்லை.

கல்யாணத்துக்கு விடுப்பில் ஊர் வந்த வாரத்தில்தான் அது ஒலிபரப்பானது. தீர்த்தமலை ரோட்டு டீக்கடையில் கூட்டம். இந்த மூலையில் அப்பா, அந்த மூலையில் சித்தப்பா. ரேடியோப் பெட்டிக்குள்ளிருந்து என் குரல் வந்ததும் எல்லோரும் பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அண்ணன் கைகூப்பிய இடத்தில் அப்பாவின் முகம் செத்துவிட்டது. எழுந்து போகத் துண்டை உதறினார்.

அதற்குள் அந்த மூலையிலிருந்து சித்தப்பா கத்தினார். “ஏன்டா டேய், அறிவிருக்கா உனக்கு? தம்பிக்காரன் வாசல்ல எந்த அண்ணன்டா போய்க் கும்புட்டு நிப்பான்? எங்கண்ணன் எவன் வாசல்லயாவது அப்படி நின்னுருக்காரா? ஊரே கேக்குது, இப்படியா கேவலப்படுத்துவ?”

அப்பா சித்தப்பாவைப் பார்க்கவில்லை. உட்கார்ந்து, கடைக்காரரிடம் சொன்னார்: “அவனுக்கும் ஒரு டீ போடுப்பா.” பிறகு என் பக்கம் திரும்பினார். “படிச்ச முண்டம். எழுதியிருக்கான் பாரு.”

“வெள்ளக்காரன் ரொட்டி தின்னா இப்படித்தாங்கண்ணா எழுத வரும்” என்றார் சித்தப்பா.

டீ ஆறும்வரை இருவரும் சேர்ந்து என்னைத் திட்டினார்கள். இரண்டு நாள் கழித்து, யாரும் போய் அழைக்காமலே, சித்தப்பா கடப்பாரையோடு வந்து பந்தக்காலுக்குக் குழி தோண்டினார். நானும் பந்தக்காலைப் பிடிக்கப் போனபோது, “அவன வுடுங்கண்ணா, பந்தக்காலுகிட்டயும் மன்னிப்புக் கேட்டுருவான்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கிணற்றைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை இல்லை. இந்தச் சமாதானம் எத்தனை நாள் தாங்குமோ என்ற பயம் எனக்கு மட்டும்தான் போலிருக்கிறது.

புறப்படும் நாளில் இருவரும் வழியனுப்ப ரோட்டுக்கு வந்தார்கள். பஸ் தாமதம். கடையில் அந்த வார நாடகம் தொடங்கியது. “இரு, இதுல என்னத்த எழுதிவெச்சிருக்கன்னு பாக்கறோம்” என்று போய், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பெட்டிப் பக்கம் காதைச் சாய்த்தார்கள். பஸ் வந்துவிட்டது. என் துணிப்பெட்டியைத் தூக்கி பஸ் மேலே போட்டுவிட்டுப் படியில் நின்று, “அப்பா! சித்தப்பா!” என்று கூப்பிட்டேன்.

அப்பா திரும்பாமலே கையை அமர்த்திக் காட்டினார். “சும்மா இருடா. நீ பேசறதத்தான் கேட்டுக்கிட்டு இருக்கோம்.”

நடத்துனர் விசில் கொடுத்தார்.