மூச்சுக்கு இடம் விடாத மெட்டு

காலை ஏழரைக்கு ஹரோவிலிருந்து மினிகாப் எனும் வாடகைக் காரில் புறப்பட்டோம். தொண்ணூறுகளின் தொடக்கம், நவம்பர் மாதம். லண்டனில் அது விடிந்த கணக்கே இல்லை. நான் சிங்கப்பூரிலிருந்து வந்த மொழிபெயர்ப்பாளன். பக்கத்தில் தோக்கியோக்காரர் நிஷிமோரி, பத்து வருடமாக வீடியோ கேம்களுக்கு இசையமைப்பவர். மடியிலிருந்த இசைத்தாள்களை மூன்றாவது முறையாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

பயப்படாமல் என்ன செய்வார்? இதுவரை அவர் இசையை வாசித்தது கேம் இயந்திரத்துக்குள் இருந்த ஒரு மின்னணுச் சில்லு. இப்போது கேம்கள் குறுந்தட்டில் வருகின்றன. பிரபலமான அவருடைய பழைய மெட்டையே நிஜ வாத்தியத்தில் பதிந்து வரச்சொல்லி கம்பெனி அனுப்பியிருந்தது. பதிவுக்கூடத்தில் கிடைத்தது ஒரே ஒரு காலை. சொதப்பினால் இசைப்பிரிவில் இடமில்லை என்று சொல்லித்தான் அனுப்பினார்கள்.

வண்டி ஓட்டியவர் யாழ்ப்பாணத்துக்காரர். பதினைந்து பவுண்டு பேசியிருந்தோம். “இவர் என்ன வேலை, தம்பி?” என்றார். சொன்னேன்.

“ஐயோ கடவுளே! என்ர மகள் நாள் முழுக்கப் போட்டு அடிக்கிற சாமானோ? நித்திரையிலயும் கேக்குது!” என்று அந்த மெட்டையே முணுமுணுத்தார். பாதியில் மூச்சு முட்டி இருமினார். நான் சிரித்தேன். நிஷிமோரியின் முகம் வெளுத்துவிட்டது.

இசைத்தாள்களை அவசரமாகப் புரட்டினார். “புல்லாங்குழலுக்கு மூச்சுவிட எங்கேயும் இடம் விடவில்லை நான்” என்றார். சில்லுக்கு ஏது மூச்சு! பத்து வருடப் பழக்கத்தில் எழுதிவிட்டார்.

வழியில் கில்பர்னில் வண்டிகள் நகரவில்லை. அவர் மடியில் தாளை வைத்து அழித்து அழித்து எழுதினார். சில்லுக்கு ஒரே நேரத்தில் சில குரல்கள்தான் உண்டாம்; கேமில் வீரன் குதித்தால் அந்தச் சத்தம் மெட்டின் குரலைப் பிடுங்கிக்கொள்ளுமாம். அப்போதெல்லாம் மெட்டை வேறு குரலுக்குத் தள்ளிவிடுவாராம். அதே வித்தையில் இப்போது முதல் குழலின் வரியை, கூட வாசிக்கவிருந்த இரண்டாம் குழலுக்கும் பிரித்துக் கொடுத்தார். நெரிசல் விலகியதும், அவர் எழுதி முடிப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிடுவோமோ என்று எனக்குப் பயம் கூடியது.

“கொஞ்சம் மெதுவா போங்கண்ணே.”

“ஏலாது தம்பி, பின்னால பஸ்காரன் நிக்கிறான்!”

பதிவுக்கூடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. முதல் குழல்காரி பாதி வரியில் குழலை இறக்கினாள். செத்தோம் என்று நினைத்தேன். அந்தக் கணமே இரண்டாமவள் பிடித்துக்கொண்டாள். மெட்டு அறுந்ததே தெரியவில்லை. நிஷிமோரி நாற்காலிக் கையை விடவே இல்லை. பதிவு முடிந்ததும் சட்டை முதுகு முழுக்க நனைந்திருந்தது.

மாலையில் அதே வண்டிக்கார அண்ணைதான் ஹீத்ரோ விமான நிலையத்துக்கு ஏற்றிப்போனார். ஊருக்குப் போய் இதைச் சொன்னால் யாராவது நம்புவார்களா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். தன் மகளுக்கென்று நிஷிமோரி கொடுத்த அன்றைய பதிவின் கேசட்டை அண்ணை போட்டார், கூடவே முணுமுணுத்தார். அதே இடத்தில் மூச்சு நின்றது.

“இதுக்கு ரெண்டு பேர் வேணும் தம்பி” என்றார் இருமிக்கொண்டே.

நான் மொழிபெயர்க்க வாயெடுத்தேன். அதற்குள் பின்னிருக்கையிலிருந்து நிஷிமோரி, விட்ட இடத்திலிருந்து பாடத் தொடங்கியிருந்தார்.