கழுத்துவரை வரைந்து வைத்திருந்தவர்

தர்மபுரி பேருந்து நிலையத்துக்குப் பின்னால், எண்பதுகளில் போட்டோவைப் பார்த்துப் படம் வரைந்த அந்த ஆளை நினைத்தால் இன்றும் எனக்கு வாய் கசக்கிறது. ஜவ்வாது மணக்க உட்கார்ந்திருப்பார். தூரிகையைத் தொட்டதைவிட மீசையைத் தடவியதே அதிகம். கோட்டும் டையுமாய்க் கழுத்துவரை வரைந்து அடுக்கி வைத்திருப்பார். ஆள் வந்தால் தலையை மட்டும் வைப்பார். கறுத்த உழவனும் அவர் கையில் எலுமிச்சை நிறமாவான்.

பாப்பாரப்பட்டி பஸ்ஸுக்காக நான் அங்கே ஒதுங்கி நின்ற ஒரு மதியம், தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து புருஷனை இழந்த பெண், கைக்குழந்தையோடு, வரையக் கொடுத்திருந்த அவன் படத்தை வாங்க வந்தாள்.

"இது எங்க வூட்டுக்காரர் இல்லீங்கண்ணா. அவருக்கு மாறுகண்ணுங்க."

"அதான் சரி பண்ணிட்டேனே! செத்துப்போனவனுக்கு எதுக்கும்மா மாறுகண்ணு?"

"இவன் அப்பனைப் பார்த்ததே இல்லீங்க. யாரோ ஒருத்தர் மூஞ்சியையா காட்டுறது? என் போட்டோவைக் குடுங்க. இருக்கறது அது ஒண்ணுதான்."

கொடுத்தார். அளவெடுப்பதற்காக அந்தச் சின்ன முகத்தின்மேல் மசியால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் போட்டிருந்தார். அவள் விரலால் எச்சில்தொட்டு ஒரு கோட்டைத் துடைக்கப் போனாள்.

"அழிக்காதம்மா, மூக்கு போயிரும்!" என்று பதறினார்.

படத்தை அங்கேயே போட்டுவிட்டு, கட்டங்களுக்குள் இருந்த புருஷனோடு அவள் போய்விட்டாள். அந்த மூக்கின்மேல் மட்டும் அவருக்கு ஏன் அத்தனை அக்கறை என்று எனக்கு இதுவரை விளங்கவில்லை.