மழையில்லாமல் சொட்டிய மரம்

நகரக் குடிநீர் அலுவலகத்தில் எல்லோரும் அவரைப் பாம்புக்காது அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்தபோது அவர் மேசை துடைத்து, தரை பெருக்கும் ஊழியர். ஒருநாள் கோப்பு அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தவர் சட்டென்று நிமிர்ந்து, "சார், இந்தத் தரைக்கு அடியில யாரோ பல்லிடுக்குல காத்தை இழுக்கற மாதிரி சத்தம் வருது" என்றார். அறையே சிரித்தது. இரண்டு நாளில் தரை உள்வாங்கியது. உடைந்த குழாய் சரியாக அந்த இடத்தில்தான் இருந்தது. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. துடைப்பத்தை வாங்கிக்கொண்டு இரும்புக் கம்பியைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

கம்பியின் ஒரு நுனியைத் தெருவிலுள்ள வால்வின் மேல் ஊன்றி, மறுமுனையிலிருக்கும் மரக்குமிழில் காதை வைக்க வேண்டும். நல்ல குழாய் முணுமுணுக்கும், ஓட்டை விழுந்த குழாய் சீறும். இந்த வேலையில் பத்தொன்பது வருடம் ஓடிவிட்டது. அத்தனை வருடமும் அவர் பார்வை தரையை விட்டு எழுந்ததில்லை. எந்த வீட்டு வாசலில் எந்த வால்வு என்று தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பார். அதே தெருவில் என்ன மரம் நிற்கிறது என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார்.

அவருடைய ஐம்பத்தோராவது வயதில், நல்ல கோடையில், ஒரு புகார் வந்தது. ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் கொடுத்தது. அவர் வீட்டுக்கு முன்னால் சாலை காலையில் காய்ந்து கிடக்கிறது, வெயில் ஏற ஏற நனைகிறது. மூன்று முறை, வெயில் ஏறுவதற்கு முன் காலையிலேயே வந்து தோண்டிப் பார்த்தார்கள். குழாய் நேற்றுப் போட்டதுபோல இருந்தது. இளம் பொறியாளருக்கு மண்டை காய்ந்துவிட்டது.

"அந்தம்மா வீட்டு வாசல்ல ஒரு மரம் நிக்குது. அதோட வேர்தான்க்கா எங்கயோ குழாயை நெரிக்குது. நாளன்னிக்கு வெட்ட ஆள் சொல்லியிருக்கேன். நீங்க ஒருதடவை கேட்டுட்டு, ஆமான்னு எழுதிக் குடுத்துடுங்க."

அக்கா போனார். மூன்று வால்விலும் கம்பியை ஊன்றினார். சீறல் இல்லை. நான்காவது முறையும் கேட்டார். ஒன்றுமில்லை. கேட்காத சத்தத்தைக் கேட்டதாக எழுத அவருக்குக் கை வரவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் நின்றபோது நர்ஸம்மா வெளியே வந்தார், கொளுத்தும் வெயிலில் குடையோடு.

"ஏம்மா, குடை எடுத்துட்டு வரலையா?"

"வெயிலெல்லாம் எனக்குப் பழக்கம்மா."

"வெயிலுக்கு யார் சொன்னா? தலை நனையுமேன்னு கேட்டேன். உங்க ஆளுங்ககிட்ட சொன்னா சிரிக்கறாங்க."

அக்கா கேலி என்று நினைத்தார். அதற்குள் புறங்கையில் சில்லென்று ஒரு சொட்டு விழுந்தது. அடுத்தது மூக்குக் கண்ணாடியில். பத்தொன்பது வருடத்தில் முதல் முறையாக, வேலை நேரத்தில் அவர் அண்ணாந்து பார்த்தார்.

மேகம் ஒன்றுகூட இல்லை. மரம் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டுக்காரர் அதன் கீழே ஒரு பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். "முட்டி வலிக்குத் தடவறேன்மா. நல்லாக் கேக்குது," என்றார்.

அக்காவுக்கு உடனே மரத்தில் ஏறிப் பார்த்துவிடலாம் போலிருந்தது. ஆனாலும் வேலையை வேலையாகச் செய்தார். தெருமுனைக்குப் போய் முதன்மை வால்வை மூடிவிட்டு அரைமணி நேரம் காத்திருந்தார். வீட்டுக் குழாய்கள் எல்லாம் வறண்டுவிட்டன. மரம் பாட்டுக்குச் சொட்டியது. வேருக்கும் குழாய்க்கும் சம்பந்தமில்லை என்பது அங்கேயே முடிந்துவிட்டது. வால்வைத் திறந்துவிட்டு அப்படியே அலுவலகம் போயிருக்கலாம். திறந்துவிட்டு நர்ஸம்மா வீட்டுக்கே திரும்பி வந்தார்.

"அம்மா, உங்க மாடிக்குப் போகலாமா?"

மாடிச் சுவரை உரசிக்கொண்டு ஒரு கிளை நீண்டிருந்தது. அதன் சிறு கொம்புகளில் அங்கங்கே, சவரத்துக்குக் குழைத்த சோப்பு மாதிரி வெள்ளை நுரை. அதன் அடியிலிருந்துதான் நீர் சொட்டியது. அக்கா கொண்டையிலிருந்து ஊசியை உருவி நுரையை மெல்ல விலக்கினார். உள்ளே அரிசி மணி அளவில், வெளிர்பச்சையாகப் பத்துப் பன்னிரண்டு பூச்சிகள். தலையைக் கொம்பில் குத்திக்கொண்டு, பின்பக்கத்தால் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தன. அக்கா ஒரு பாட்டில் மூடியைக் கீழே பிடித்தார். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் மூடி நிரம்பிவிட்டது.

"இத்தனூண்டு உடம்புல இவ்வளவு தண்ணி எங்கம்மா இருக்கு?"

நர்ஸம்மா குனிந்து பார்த்தார். "மரச்சாறுல சத்து கொஞ்சம், தண்ணிதான் ஜாஸ்தி. அந்தக் கொஞ்சத்துக்காக நாள்பூரா உறிஞ்சுதுங்க போல. உள்ள போனது வெளிய வந்துதானே ஆகணும்?"

இருவரும் ஒரே நேரத்தில் கீழே எட்டிப் பார்த்தார்கள். எதிர்வீட்டுக்காரர் பாட்டிலைப் பத்திரமாக மூடிக்கொண்டிருந்தார்.

"சொல்லிடலாமாம்மா?"

"வேணாம். முட்டி வலி போச்சுன்னு சொல்றாரு இல்ல, விடு."

அன்று மாலைக்குள் பொறியாளரை அதே மாடிக்கு இழுத்து வந்தார் அக்கா. அவர் நுரையை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதை ரிப்போர்ட்ல நான் என்னன்னுக்கா எழுதறது?" என்றார்.

"கசிவு இருக்கு, நம்ம குழாயில இல்லன்னு எழுதுங்க சார்."

மரம் வெட்ட வரவிருந்த ஆட்களுக்கு வேண்டாமென்று தகவல் போனது. மூன்று வாரத்தில் பூச்சிகளுக்குச் சிறகு முளைத்தது. ஒருநாள் நுரை மட்டும் மிச்சமிருந்தது, பிறகு அதுவும் உலர்ந்து உதிர்ந்தது. அடுத்த கோடையில் அக்கா வாராவாரம் போய்ப் பார்த்தார். ஒரு சொட்டுகூட விழவில்லை. அந்த வருடம் ஏன் வந்தன, தெருவில் அத்தனை மரம் இருக்க இதை ஏன் பிடித்தன என்று அவர் கேட்காத ஆளில்லை. கல்லூரியில் பாடம் சொல்லும் ஒருவர்கூடக் கையை விரித்துவிட்டார். அதுதான் அக்காவை அதிகம் படுத்தியது. பூமிக்கடியில் நடப்பதையெல்லாம் கண்டுபிடித்தவருக்குத் தலைக்கு மேலே நடப்பது பிடிபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மரம் பார்க்கப் போக ஆரம்பித்தார். பள்ளி வேன் ஓட்டும் கணவர்தான் ஸ்கூட்டரில் கூட்டிப்போக வேண்டும். விளக்குக் கம்பத்தை ஒட்டி நின்ற ஒரு மரம், எல்லா மரமும் மொட்டையாகிவிட்ட பிறகும் விளக்குப் பக்கம் மட்டும் இலையோடு இருந்தது. இன்னோரிடத்தில் இரண்டு மரங்கள் நடுவில் ஒரே கிளையாக ஒட்டிக்கொண்டு நின்றன. எது யாருடைய கிளை என்று அக்கா மதியம் வரை சுற்றிச் சுற்றி வந்தார்.

"கட்டினவன் பசியில காயறான். நீ மரத்துக்குக் குடும்ப விசாரணை பண்ணிக்கிட்டிருக்கே," என்றார் கணவர்.

"ஒரே நிமிஷம்ங்க. இந்தப் பக்கம் பட்டை வேற மாதிரி இருக்கு பாருங்க."

அப்படியே புலம்பிக்கொண்டிருந்தவர், போன மாதம் வேனை நிறுத்திவிட்டு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார்: "பழைய தொழிற்சாலைச் சுவர்கிட்ட ஒரு மரம், இரும்புக் கேட்டை முழுங்கிக்கிட்டிருக்கு. பூட்டு உள்ள போயிடுச்சு. கைப்பிடி மட்டும் வெளிய தெரியுது. வரியா?"

"எவ்வளவு வெளிய தெரியுது?"

"ரெண்டு விரல். அளந்துட்டுத்தான் வந்தேன்."

அக்கா அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பினார்.