பேப்பர் வேண்டாத டேங்க்

இங்கே குளிர் தொடங்கினால் ஒரு டேங்கர் லாரி வந்து வீட்டு முன்னால் நிற்கும். டிரைவர் புல்வெளி மேல் குழாயை இழுத்துப்போய் மண்ணுக்குள் எண்ணெயை இறக்குவார். நிறையும்வரை காற்றுக்குழாய் விசிலடிக்கும். வடகிழக்கு அமெரிக்காவின் இந்தப் பழைய வீட்டைச் சூடாக்குவது புதைந்து கிடக்கும் அந்த டேங்க்தான். அதற்கு ஒரு துண்டுப் பேப்பர்கூடக் கிடையாது என்பது வீடு வாங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

மண்ணுக்கடியில் பெட்ரோலியம் வைத்திருந்தால் பதிவு, கசிவுச் சோதனை என்று சட்டம் பக்கம் பக்கமாக நீள்கிறது. மனைவிக்கு ஏழாம் மாதம். டேங்கைத் தோண்டி எடுக்கச் சொன்னால் நடுக்குளிரில் பிறக்கும் பிள்ளையை எங்கே வைத்துக்கொள்வது?

நான் எருமப்பட்டி லாரிக்காரர் மகன். பர்மிட், எஃப்சி, இன்சூரன்ஸ் எல்லாம் ஒரு ரெக்சின் பையில் அப்பாவின் மடியிலேயே இருக்கும். செக்போஸ்ட்டில் கேட்பதற்கு முன்பே இறங்கி நீட்டிவிடுவார். “போப்பா” என்று கையசைத்தாலும் சீல் வாங்காமல் வண்டியை எடுக்கமாட்டார். அடுத்த செக்போஸ்ட்டில் யார் பதில் சொல்வது என்பார்.

வீட்டுப் பத்திரம், பாஸ்போர்ட், கல்யாணச் சான்றிதழ் வரை அள்ளிக்கொண்டு அரசு அலுவலகம் போனேன். கவுன்ட்டரில் இருந்த பெண் எதையும் தொடவில்லை.

“அந்த எண்ணெயை என்ன செய்கிறீர்கள்?”

“வீட்டைச் சூடாக்குகிறோம்.”

“அப்படியானால் அந்தச் சட்டத்திலிருந்து உங்களுக்கு விலக்கு. எண்ணெய் கசிந்தால் மட்டும் உடனே கூப்பிடுங்கள்.”

நான் நகரவில்லை. “விலக்கு என்று ஒரு பேப்பர் கொடுங்கள்.”

“பேப்பர் தேவையில்லை என்பதுதானே விலக்கு?”

“தேவையில்லை என்பதற்கு ஒரு பேப்பர்.”

அவள் மேலதிகாரியை அழைத்துவந்தாள். யாராவது உங்களை மிரட்டுகிறார்களா என்று அவர் பரிவோடு கேட்டார். கடைசியில் விதியை அச்செடுத்து, அந்த வரியின் கீழ் கோடிட்டு, என் பார்வை மேசைமேல் இருந்த முத்திரைக்கட்டைக்குப் போனதைப் பார்த்து, தேதி முத்திரையையும் குத்திக் கொடுத்தார். காரில் உட்கார்ந்து சிறிது நேரம் அழுதேன், அத்தனை நிம்மதி.

அங்கிருந்தே அப்பாவை அழைத்து, பேப்பர் கிடைத்ததைச் சொன்னேன்.

“சீல் போட்டாங்களா சாமி?”

“ஆமாங்கப்பா, போட்டுட்டாங்க.”

அவர் பெருமூச்சு விடுவது கேட்டது. இதுவரை இந்த வீட்டை அவர் ‘நீ இருக்கற எடம்’ என்றே சொல்லிவந்தார்.

“அப்பறமென்ன, இனி அது உன்ற ஊடு” என்றார். எனக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. நான் பதில் சொல்வதற்குள் கேட்டார்:

“சரி, ஊட்டுக்கு எப்ப வாரே?”